அறக்குளாவுக்கும் சூரைக்கும் எந்தத் தகடு?

வலை இன்னும் கைக்கு வரவில்லை. இருக்கும் படகையும் இரண்டு மூன்று குடும்பங்கள் முறை வைத்து ஓடுகின்றன. ஊர் திரும்பிய கடற்றொழில் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். இப்படியான நேரத்தில் குறைந்த முதலோடு தொடங்கக்கூடியது, ஓடும் படகின் பின்னால் தூண்டில் இழுக்கும் தொழில். இதற்கு உயிர் இரை தேவையில்லை. சின்ன மீன் போல மினுங்கும் ஒரு உலோகத் தகடு போதும்.

கடலைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித் தர ஒன்றும் இல்லை. ஆனால் முகாமில் வளர்ந்து இப்போதுதான் தகப்பனோடு படகில் ஏறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலைத்தொழில் மட்டும் செய்து பழகியவர்களும் இருக்கிறார்கள். கடைக்குப் போனால் விதம்விதமான வர்ணத்தில் தகடுகள் தொங்கும். உதவித்தொகையை அதில் இறைத்துவிட வேண்டாம். அளவு பார்த்து வாங்கிய மூன்று நான்கு தகடு ஒரு படகுக்குத் தாராளம்.

முதலில் பார்க்க வேண்டியது அளவு. நிறம் அதற்குப் பிறகுதான். மீன் அந்த நேரத்தில் எதைத் தின்கிறதோ அதன் நீளத்துக்குத் தகடு இருக்க வேண்டும். இதை அறிய வழி சுலபம்: அன்றைக்குப் பிடிபட்ட முதல் மீனின் வயிற்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே விரல் நீள நெத்தலி இருந்தால் பெரிய தகட்டைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் போடுங்கள். சூரை இந்த விடயத்தில் மிகவும் பிடிவாதமானது. சின்னக் குஞ்சு மீன்களைத் துரத்தும்போது, சுற்றிவரத் தண்ணீர் கொதித்தாலும் பெரிய தகட்டைத் திரும்பியும் பார்க்காது. சூரைக்கு இரண்டு அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை, ஒடுங்கிய, தடித்த தகடு நல்லது. அறக்குளா பெரிய இரையையும் தயங்காமல் அடிக்கும். அதற்கு நான்கு, ஐந்து அங்குலத் தகடு பிடிக்கலாம். கும்பளாவுக்கு இந்த அளவு எதுவும் சரிவராது. அதன் வாய்க்கேற்ற சின்னத் தூண்டில்களை ஒரே நூலில் வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் வெள்ளை இறகோ மினுங்கும் நூலோ வைத்து இறக்குவதே மேல்.

அகலமான மெல்லிய தகடு மெதுவான ஓட்டத்தில் இரண்டு பக்கமும் ஆடி ஆடி வரும். வேகம் கூடினால் பம்பரம் போலச் சுழலும். சுழன்றால் நூல் முறுக்கேறிக் கெட்டுவிடும், மீனும் தொடாது. ஒடுங்கிய பாரமான தகடு வேகத்திலும் நேராக நிற்கும். ஆகவே அறக்குளாவுக்கு அகலத் தகட்டைப் போட்டு, கரையில் ஒருவர் மெல்ல ஓடும் வேகத்தில் இழுங்கள். சூரைக்கு அதைவிட வேகம் வேண்டும். தகட்டை முழு நீளத்துக்கு விடுவதற்கு முன் படகின் பக்கத்தில் இழுத்து, அது ஆடுகிறதா சுழல்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நூலுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு சுழலி கட்டாயம் இருக்க வேண்டும். அதன் விலை சொற்பம்.

அறக்குளாவின் பல் கத்தி போன்றது. தங்கூசியை ஒரே கடியில் அறுத்துக்கொண்டு தகட்டோடு போய்விடும். தகட்டுக்கு முன்னால் ஒன்றரைச் சாண் கம்பி கட்டுங்கள். சூரைக்குக் கம்பி வேண்டாம். அதன் கண் கூர்மையானது, கம்பியைக் கண்டால் விலகும். (தங்கூசி என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். சட்டம் தடை செய்திருப்பது தங்கூசி வலையை. தூண்டில் நூலை அல்ல.) கையால் இழுப்பவர்கள் மூன்று முள்ளுத் தூண்டிலைத் தவிர்த்து ஒற்றை முள் போடுவது நல்லது. படகுக்குள் துள்ளும் மீனில் தொங்கும் மற்ற இரண்டு முள்ளும் உங்கள் கையைத்தான் தேடும்.

தகட்டை வீட்டிலேயே செய்யலாம். பழைய சில்வர் கரண்டியின் கைப்பிடியை வெட்டி, இரண்டு முனையிலும் துளை போட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்தால் நல்ல தகடு கிடைக்கும். சாப்பாட்டுக் கரண்டி அறக்குளாவுக்கு, தேக்கரண்டி சூரைக்கு. பித்தளை மங்கினால் புளி போட்டுத் தேயுங்கள்.

ஆனால் உலோகம் தேடிப் பற்றைக்குள்ளோ, பழைய காவலரண் பக்கமோ போக வேண்டாம். பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம். ரவைக் கோது, செல் துண்டு, கரையில் ஒதுங்கிய இரும்பு எதையும் தகட்டுக்காகவோ ஈயத்துக்காகவோ எடுக்காதீர்கள், தட்டாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். வெடிக்காத பொருள் பல வருடம் உப்புக்காற்றில் கிடந்தாலும் வெடிக்கும். துருப்பிடித்துக் குழாய்த்துண்டு போலவும் அது தெரியலாம். கண்டால் வந்த வழியாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். கடையில் வாங்கிய ஈயம் என்றாலும் குசினி அடுப்பில் உருக்கக் கூடாது. அதன் புகையும் தூசும் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். இரண்டு ஈயக்குண்டு வாங்குவது இதைவிட மலிவு.

பறவைகள் கூட்டமாக இறங்கும் இடத்தில் சூரை இருக்கும். கூட்டத்தின் நடுவால் படகை விட்டால் அது கீழே அமிழ்ந்துவிடும். ஓரத்தால் வளைத்து ஓடி, தகட்டை மட்டும் கூட்டத்தின் விளிம்பால் இழுங்கள். ஒரே கூட்டத்துக்கு நான்கு படகு ஒரேயடியாகப் பாய்ந்தால் ஒருவருக்கும் மீன் இல்லை. சங்கத்தில் பேசி முறை வைத்துக்கொள்ளலாம்.

பிடித்த மீனை உடனே ஐசில் வையுங்கள். ரெஜிபோம் பெட்டியும் அரைப் பெட்டி ஐசும் இல்லாமல் சூரைக்குப் போகாதீர்கள். சூரை, அறக்குளா, கும்பளா மூன்றிலும், வெயிலில் கிடந்தால் ஒரு நஞ்சு உண்டாகும். அது கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் போகாது. அப்படியான மீனைத் தின்றால் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடியும் வாந்தியும் வரும். வாயில் மிளகு போல உறைத்தால் துப்பிவிடுங்கள். அந்த மீனைச் சந்தைக்கும் கொண்டுபோக வேண்டாம், கருவாடும் போட வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன மீன் தின்றது என்பதைச் சொல்லுங்கள்.