முகம் சுண்டாமல்



பிள்ளைகளே, திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் உங்கள் தலைமேல் கைவைத்து ஜெபித்து, முதல் திருவிருந்தும் எடுத்துவிட்டீர்கள். இனி வீடு சந்திப்புக்கு உங்களையும் அனுப்பலாம் என்று நம் சபை ஐயர் சொல்லியிருக்கிறார். “போகிற இடத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த வேலையைச் செய்தே தலை நரைத்தவள் நான். தெரிந்ததை எழுதித் தருகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: உங்கள் அன்பைப் பெறுகிறவரின் முகம் சுண்டக் கூடாது. உதவி கிடைத்து மானம் போயிற்று என்றால், அதை இயேசுவின் பெயரால் செய்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1. வீட்டில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, மசாலா அரைத்து, கறி வேகவைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, இரண்டாம் மணி அடிக்கும்போது ஓட்டமாக ஆலயத்துக்கு வருகிறவர் உங்கள் அம்மா. பிரசங்கத்தின்போது அவர் மனம் பாதி அடுப்பில் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது சமையலும் பாத்திரமும் உங்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாலிபர் கூடுகையில் விளக்குமாறு எடுக்கிற கை வீட்டிலும் எடுக்கட்டும்.

2. துக்க வீட்டில் வாயை அடக்குங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், ஆண்டவர் சித்தம் என்று விளக்கம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது ஆறுதல் அல்ல, அடி. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். லாசருவின் சகோதரி மரியாளோடு சேர்ந்து அழுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது.

அடக்கம் முடியும்வரை கூட்டம் இருக்கும். நாற்காலி போட, பிளாஸ்க்கில் காபி கொண்டுவர, ஜங்ஷனில் இறங்கும் உறவினரைக் கூட்டிவர ஆள் கிடைப்பார்கள். நீங்கள் அதற்குப் பிறகு போங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அலைய ஆள் இருக்காது. சான்றிதழ், வாரிசுச் சான்று, பாங்கிக் கணக்கு, தகுதி இருந்தால் விதவை உதவித்தொகைக்கு மனு என்று ஒவ்வொன்றுக்கும் கணவரை இழந்த அம்மா வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இ-சேவை மையத்துக்குக் கூடப் போங்கள். மனுவை நீங்களே நிரப்பிவிட்டு “இங்கே கையெழுத்துப் போடுங்க” என்று நீட்டாமல், என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

3. கொடுப்பது எப்படி என்பதைப் போவாஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். ரூத் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தை இந்த வாரம் மெதுவாக வாசியுங்கள். அயலூரிலிருந்து வந்த விதவை ரூத், வயிற்றுப்பாட்டுக்காக அறுப்பு வயலில் சிந்திய கதிரைப் பொறுக்க வருகிறாள். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவருக்கும் பரதேசிக்கும் விட வேண்டும் என்பது லேவியராகமத்துச் சட்டம். அது அவளுக்குப் பிச்சை அல்ல, உரிமை. வயலின் சொந்தக்காரனான போவாஸ் நினைத்திருந்தால் ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்து எல்லார் முன்பும் நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். அவன் செய்தது வேறு. தன் வேலைக்காரர்களிடம் தனியாகச் சொல்லி, கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் கதிரை உருவிப் போடச் சொன்னான். அவளை யாரும் அதட்டக் கூடாது என்றும் சொன்னான். சாயங்காலம் அவள் மாமியாரிடம் தன் உழைப்பில் சேர்த்த வாற்கோதுமையோடு தலைநிமிர்ந்து போனாள். வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த தர்மம் இதுதான்.

இப்போது நம் கிறிஸ்துமஸ் சேலை கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். விதவைகளை மேடைக்கு முன் வரிசையாக நிறுத்தி, பெயரை மைக்கில் வாசித்து, சேலையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்க்கும்வரை காத்திருந்து படம் எடுத்து, அன்று இரவே ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தில் கேட்ட நாம் அதை ஊருக்கே காட்டலாமா? முந்தின வாரம் வீட்டுக்குப் போய், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். அல்லது அந்தப் பணத்தில் அவர் பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு ரசீதை மட்டும் கொடுங்கள்.

நம் முன்னோர் இதைத் தெரிந்தவர்கள். சோற்றுக்கு உலையேற்றும்போதெல்லாம் கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள் நம் பாட்டிமார். கொண்டுவந்தவர்களில் பலர் ஏழைகள்தான். அதனால் கொடுக்கிற கூட்டம், வாங்குகிற கூட்டம் என்ற பிரிவு அங்கே இல்லை. திருநெல்வேலியில் ஊழியம் செய்த ரேனியஸ் 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கியபோதும் அதே நினைப்புதான். விசுவாசத்தினால் இருந்த இடத்தை இழந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதோடு நிறுத்தவில்லை. காசு சேர்த்து நிலம் வாங்கி, அவர்கள் குடியிருக்க ஊர்களே உண்டாக்கினார்கள். காலூன்ற இடம் கிடைத்தவன் அடுத்த வேளைக்குக் கையேந்த வேண்டியதில்லை.

4. சாதி. இதைச் சொல்லாமல் அன்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் ஒப்பாது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு அடியோடு, உடனே ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்தில் யார் முந்தி யார் பிந்தி என்பதும் அன்றைய சண்டைகள். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அந்தக் கடிதத்துக்குக் கீழ்ப்படிய மறுத்தார்கள். கிறிஸ்துவின் பாத்திரத்தை விடச் சாதி பெரிதாகத் தெரிந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகப் போகிறது. இன்று ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம், அசனப் பந்தியில் தோளோடு தோள் உட்காருகிறோம். ஆனால் பெண் பார்க்கும்போதும், சபைத் தேர்தலிலும், சில ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் அது உயிரோடு இருக்கிறது.

நீங்கள் சின்னதாகத் தொடங்கலாம். வீடு சந்திப்பில் உங்கள் தெரு அல்லாத தெருவைக் கேட்டு வாங்குங்கள். அங்கே கொடுக்கும் டம்ளரில் குடியுங்கள், போடும் பாயில் உட்காருங்கள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள். ஜெபித்துவிட்டு வாசலோடு திரும்புகிறவரை அந்த வீட்டார் நன்றாக அடையாளம் காண்பார்கள். அவர்களை உங்கள் வீட்டுக்கும் அழையுங்கள். அழைக்காத வரை பாதிதான் செய்திருக்கிறீர்கள். உங்கள் பெரியவர்கள் முகம் மாறினால் மரியாதையோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். அவர்களும் அதே திருவிருந்தை எடுத்தவர்கள் என்று நினைவுபடுத்துங்கள்.

5. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளியை மட்டும் பார்க்காதீர்கள். கூட இருப்பவர் குளிக்காமல், சரியாகச் சாப்பிடாமல், கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்துக் கிடப்பார். “நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க, நான் இருக்கேன்” என்று சொல்லி, அவர் வரும்வரை உண்மையிலேயே இருங்கள். ஜெபம் சத்தமாக வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்க வேண்டும்.

6. மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது பயத்தோடு பேசுங்கள். சபையில் நமக்குள் வரும் மனத்தாங்கலை முதலில் தனியாகப் போய்ப் பேசித் தீர்க்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் உங்களிடம் சொன்னால், பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். சிலுவையைச் சுமக்கச் சொன்னவர் அடிக்கிறவனுக்குத் துணை நிற்கச் சொல்லவில்லை. அன்றிரவு அந்தப் பெண் எங்கே தங்குவார் என்று கேளுங்கள். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்கள் உங்கள் போனில் இருக்கட்டும். பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால், செய்கிறவர் சபையில் எவ்வளவு பெரியவரானாலும் மூடி மறைக்காதீர்கள். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது உங்களைத் தடுப்பார்கள், கேட்காதீர்கள்.

7. வாங்கவும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தாங்களும் மழையில் தவித்துக்கொண்டிருந்த பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள், தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். எந்த மதம், எந்த ஊர் என்று கேட்கவில்லை. நல்ல சமாரியன் உவமையை நாம் வாசிக்கும்போது நம்மை எப்போதும் சமாரியன் இடத்தில் வைத்துக்கொள்கிறோம். இயேசு அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த யூதருக்குச் சமாரியன் அந்நியன். வழியில் அடிபட்டுக் கிடந்தவன் இடத்தில் நின்றுதான் அவர்கள் அதைக் கேட்க வேண்டியிருந்தது. நாமும் அங்கே நின்று கேட்கலாம்.

ஆகவே பொங்கலன்று பக்கத்து வீட்டம்மா கரும்பும் பொங்கலும் கொண்டுவந்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோகும்போது தட்டுக்கடியில் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். பலகாரம் தூண்டில் என்று அவர்கள் நினைத்துவிட்டால் இத்தனை வருஷத்து உறவும் பொய்யாகிவிடும். நீங்கள் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருநாள் அவர்களே கேட்டால், அவசரப்படாமல் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரிந்த இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள்.