சினை மாட்டுக்குக் கருப்பை தள்ளினால்: புதிதாக மாடு பிடித்தவர்களுக்கு

1. ஏழு மாதச் சினை தாண்டிவிட்டால் மாடு படுத்திருக்கும்போது பின்னால் போய்ப் பாருங்கள். ராத்திரி தீனி போட்டபின் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. தள்ளத் தொடங்கியிருந்தால் எலுமிச்சை அளவு சிவந்த சதை எட்டிப் பார்க்கும். மாடு எழுந்ததும் உள்ளே போய்விடும். நிற்கும்போது மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. கவனிக்காமல் விட்டால் அது தேங்காய் அளவு ஆகி, எழுந்தாலும் உள்ளே போகாமல் நின்றுவிடலாம்.

2. சினையில் தள்ளுவது பெரும்பாலும் கருப்பை அல்ல, கன்று வெளியே வரும் வழியின் சுவர். தொட்டால் வழவழப்பாக இருக்கும். கன்று போட்ட சில மணி நேரத்தில் முடிச்சு முடிச்சாகப் பெரிய பை புரண்டு தொங்கினால் அதுதான் கருப்பை. உயிர் போகிற அவசரம். உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-ஐக் கூப்பிடுங்கள்.

3. மருந்தைத் தேடுமுன் தரையைப் பாருங்கள். மூத்திரம் ஓடட்டும் என்று கொட்டிலைப் பின்பக்கம் சரிவாகப் போடுகிறோம். அதில் படுக்கிற சினை மாட்டுக்குக் கன்றின் பாரமும் வயிற்றுத் தீனியின் பாரமும் பின்னோக்கி அழுத்துகின்றன. மண் கொட்டி, பின்னங்கால் பக்கத்தை நாலு விரல் முதல் அரையடி வரை உயர்த்துங்கள். மூத்திரம் முன்பக்கம் தேங்கும், அள்ளுகிற வேலை கூடும். பரவாயில்லை. லேசாகத் தள்ளுகிற மாடு பல இதிலேயே அடங்கிவிடும்.

4. வைக்கோலை ஒரே நேரத்தில் வயிறு முட்டப் போடாமல் பிரித்துப் போடுங்கள். தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம். சாணம் இறுகவிடாதீர்கள், முக்க முக்கத் தள்ளும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நஞ்சு பெண் ஹார்மோன் போல வேலை செய்து கன்று வரும் வழியின் தசைகளைத் தளர்த்திவிடும்.

5. வெளியே நின்றுவிட்டால் மருத்துவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, குளிர்ந்த சுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் போதும், கருஞ்சிவப்பாகக் கரைத்தால் சதையைப் பொசுக்கும். நனைத்த வேட்டித் துணியால் மூடி, காக்கையும் நாயும் அண்டாமல் ஒருவர் கூடவே நிற்கட்டும். மூத்திரம் அடைத்து மாடு தவிக்கும். துணியோடு இரண்டு கையாலும் சதையை மெல்லத் தூக்கிப் பிடித்தால் மூத்திரம் பீறிட்டு வெளியேறும், மாடும் முக்குவதைக் குறைக்கும். செருப்பால் அடிப்பது, சாம்பல் பூசுவது, நகத்தோடு கையை விட்டுத் திணிப்பது எல்லாம் கொடுமை. மருத்துவர் வாலடியில் மரத்துப்போகும் ஊசி போட்டபின்தான் உள்ளே தள்ள முடியும்.

6. கழுவிய சதைமேல் மஞ்சள் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த கற்றாழைச் சாற்றைத் தெளித்து, தொட்டாற்சுருங்கி விழுது பூசுவது உண்டு. செய்யலாம், ஆனால் அதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம்.

7. உள்ளே தள்ளியபின் மீண்டும் வராதபடி மருத்துவர் தையல் போட்ட மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி கையில் இருக்க வேண்டும். பசுவுக்குச் சுமார் 280 நாள், எருமைக்கு 310. மடி இறுகி, வாலடியின் இருபுறமும் குழி விழுந்தால் அன்றே தையலைப் பிரிக்கச் சொல்லுங்கள். மறந்தால் தாய் கிழிந்துபோகும், கன்றும் சாகும்.

8. ஒருமுறை தள்ளிய மாடு அடுத்த சினையிலும் தள்ளக்கூடும், கிடேரிக்கும் அந்தக் குணம் இறங்கலாம். விற்பதானால் வாங்குகிறவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள்.