பாறையேறும் சிறு வண்டி

சமநிலத்தில் விரைந்தோடும் விளையாட்டு வண்டியைச் செய்தல் எளிது. கரடுமுரடான கருங்கல்லின்மீது கவிழாமலும் வழுக்காமலும் மெல்ல ஊர்ந்தேறும் வண்டியைச் செய்தலோ அரிது. அத்தகைய வண்டியொன்றை, ரேடியோ அலைகளால் தூரத்திலிருந்து நடத்தும்படி, மாணவர் கைப்பொருளுக்கு அடங்கிய செலவில் அமைத்தல் எங்ஙனம் என்பதை இவ்வியாசத்தில் ஆராயப் புகுகின்றோம். கடைகளில் இவை விற்கப்படாமலில்லை. டிராக்ஸஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனியார் 2017இல் வெளியிட்ட டிஆர்எக்ஸ்-4 போன்றவை மிகச் சிறந்தனவே. எனினும் நம் நாடு வந்து சேரும்போது அவை பல்லாயிரம் ரூபாய் விலை பெறுகின்றன. அவற்றை வாங்குவோர் வண்டி ஓட்டக் கற்பர். வண்டி ஏன் ஏறுகிறது என்பதைக் கல்லார்.

கம்பியின்றி ஒரு கலத்தைத் தூரத்திலிருந்து நடத்திக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் சிறு படகொன்றை அவர் இவ்வாறு செலுத்தினார். அதற்கு 125 ஆண்டுகளின் பின், 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 சந்திரனில் இறங்க, பிரக்ஞான் என்னும் வண்டி அதனின்று வெளிப்பட்டு ஊர்ந்தது. அதற்கு ஆறு சக்கரங்கள். எடை 26 கிலோகிராம். வேகமோ விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். எறும்பும் அதனினும் விரையும்! அத்திட்டத்தின் இயக்குநராகிய வீரமுத்துவேல் நம் அண்டையூராகிய விழுப்புரத்தார். இதற்கு முந்திய சந்திரயான்-2இன் வண்டியைச் சோதித்தற்குரிய மண்ணுக்கு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையே பயன்பட்டது. நான்கு மீட்டர் அகலமுள்ள பள்ளமொன்று மூன்று மீட்டர் முன்னே தென்பட்டபோது, பிரக்ஞானை வந்த வழியே திரும்பச் செய்தனர். பாறைநிலத்தில் வேகம் வேண்டப்படுவதன்று என்பது இதனால் விளங்கும்.

நிற்க. நம் வண்டிக்கு இடம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சூழ்ந்த பகுதி. அங்கே கருங்கல்லுக்குக் குறைவில்லை. வண்டியின் எடை 2 கிலோ, சக்கரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர், முன் பின் அச்சுகளுக்கு இடையே 25 சென்டிமீட்டர், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 22 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 45 பாகைச் சரிவில் இவ்வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 1.4 கிலோ. சக்கரத்தின் ஆரம் 5 சென்டிமீட்டராதலின் வேண்டப்படும் முறுக்கு விசை 7 கிலோ-சென்டிமீட்டர். நான்கு சக்கரமும் பற்றினால் இது நான்காகப் பகிரப்படும். ஆனால் பாறையில் பலவேளை இரண்டே பற்றும்; கல்லின் விளிம்பில் ஏறுகையில் விசை இன்னும் மிகும். ஆகவே ஒவ்வொரு மோட்டாரும் தனித்தே 7 கிலோ-சென்டிமீட்டர் தரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுதல் நன்று. ஜான்சன் கியர் மோட்டார் என்று கடைகளில் வழங்குவது இதற்கு ஏற்றது. ஒரே மோட்டார் பல வேகங்களில் கிடைக்கும். விலையில் பெரிய வேற்றுமை இல்லை. மாணவர் பெரும்பாலும் 300 சுற்று, 500 சுற்று என்று தேடுவர். நாம் நிமிஷத்திற்கு 30 சுற்றுள்ளதையே வாங்கச் சொல்லுவோம். அது விநாடிக்கு 16 சென்டிமீட்டர் நகர்த்தும். அதுவே போதும்.

இனி, இவ்வியாசத்தின் உயிர்நிலையான பகுதிக்கு வருகின்றோம். முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது நிற்கும், நாற்காலி ஆடும். நாற்காலியை ஒத்த வண்டி பாறைமேல் சென்றால் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் தொங்கும். இதற்குப் பரிகாரமாக விலையுயர்ந்த வண்டிகளில் சுருள்வில்லும் எண்ணெய்க் குழாயும் அமைப்பர். அவற்றுக்கு நாம் ஒரு ரூபாயும் செலவிட வேண்டுவதில்லை. நம் உழவரது டிராக்டரைப் பாருங்கள். அதன் முன்னச்சு நடுவிலுள்ள ஓர் ஆணியின்மேல் ஊஞ்சல்போல் இருபுறமும் சாயும். அதனால் வரப்பிலும் உழவுசாலிலும் நான்கு சக்கரமும் நிலத்தைவிட்டு நீங்கா. அவ்வாறே நம் வண்டியிலும் ஓரச்சை ஒரு போல்ட்டும் இரண்டு வாஷரும் கொண்டு பொருத்திவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் எந்த அச்சை? டிராக்டரைப் பார்த்து அப்படியே செய்வோர் முன்னச்சையே ஆடவிடுவர். டிராக்டரின் பாரம் பின்னால் இருப்பதால் அதற்கு அது பொருந்தும். மலையேறும் வண்டிக்கோ பாரம் முன்னால் இருக்கவேண்டும். காரணம் கூறுவோம். நம் வண்டியின் ஈர்ப்பு மையம் தரையினின்று 8 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்க. 45 பாகைச் சரிவில் அதன் பாரக்கோடு 8 சென்டிமீட்டர் பின்னால் நகரும். எடையில் 100க்கு 60 பங்கு முன்சக்கரங்களின்மேல் இருந்தால், மையம் பின்னச்சுக்கு 15 சென்டிமீட்டர் முன்னே நிற்கும், எட்டுப் போக ஏழு எஞ்சும், வண்டி நிலைக்கும். 40 பங்கே முன்னால் இருந்தால் எஞ்சுவது 2 சென்டிமீட்டர்தான். ஒரு சிறு கல் தட்டினாலும் வண்டி மல்லாந்து விழும்.

ஆதலின் முன்னச்சை உடலோடு இறுக்கிப் பின்னச்சை ஆடவிடுக. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஓரச்சு ஆடும் வண்டி உண்மையில் முக்காலியே. அசையாத அச்சின் இரு சக்கரங்களும் ஆணியுமே அதன் மூன்று கால்கள். பாரம் அசையாத அச்சின் பக்கம் நெருங்க நெருங்க, முக்கோணம் அகன்ற இடத்தில் அது தங்கும். மேற்கூறிய அளவுகளின்படி, ஆணி தரைமட்டத்தில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், பின்னச்சு ஆடும் வண்டி பக்கவாட்டில் 40 பாகை வரை கவிழாது. அதே பாரத்தோடு முன்னச்சு ஆடினாலோ 29 பாகையிலேயே கவிழும். ஆணி சற்று உயரத்தில் இருப்பதால் மெய்யளவு கொஞ்சம் கூடும். செலவில் ஒரு காசும் வேற்றுமையில்லை. போல்ட் இருக்கும் இடமே வேறு. பின்னச்சு 25 பாகைக்குமேல் சாயாதபடி இருபுறமும் தடைக்கட்டை வைத்தல் வேண்டும். மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளும் அச்சோடு ஆடத்தக்கவாறு சிறிது தளர்ந்திருக்க வேண்டும்.

சக்கரத்தைப் பற்றிச் சிறிது. 45 பாகையில் வழுக்காது நிற்க உராய்வெண் ஒன்றாகவேனும் இருத்தல் வேண்டும். கடினமான பிளாஸ்டிக் சக்கரம் அதனை அணுகவும் மாட்டாது. ஆசிரமத்தின் பின்புறத்திலிருந்து ஸ்கந்தாசிரமம் செல்லும் கற்பாதையில் வெறுங்காலோடு ஏறுவோரைப் பாருங்கள். பாதத்தின் மெல்லிய தசை கல்லின் வடிவத்திற்கு இணங்கி அமர்கிறது. அவ்விணக்கமே நமக்கும் வேண்டும். பஞ்சர் கடையில் எறியப்படும் சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, பழைய மெத்தையின் நுரைப்பஞ்சைச் சக்கரத்தின்மேல் சுற்றி, அதன்மேல் டியூபைப் போர்த்தி ஒட்டினால் ஏறத்தக்க டயர் ஆயிற்று.

சிக்கனம் கூடாத இடம் மின்பகுதி. நான்கு மோட்டாரையும் இடம் இரண்டு, வலம் இரண்டு என இணையாகக் கட்டுக. தொடராகக் கட்டினால் அந்தரத்தில் சுழலும் சக்கரம் மின்னழுத்தத்தின் பெரும்பங்கைக் கவர்ந்துகொள்ளும். இருபக்க வேகமும் வேறுபடுவதால் வண்டி திரும்பும். தனித் திருப்புகருவி வேண்டுவதில்லை. மாணவர் வழக்கமாக வாங்கும் எல்298என் என்னும் மோட்டார் டிரைவர் பக்கத்திற்கு 2 ஆம்பியருக்கே உரியது. சக்கரம் சிக்கி நிற்கும்போது அது தாங்காது. பிடிஎஸ்7960 இரண்டு வாங்குக. ஆணைகளை ஏற்க ஈஎஸ்பி32 என்னும் சிறு பலகையும், கையிலுள்ள செல்பேசியுமே அமையும், அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 2005 முதல் நம் நாட்டில் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. தொடர்பு அறுந்தால் மோட்டார்கள் தாமே நிற்குமாறு நிரல் எழுதப்படல் இன்றியமையாதது. மூன்று லித்தியம் செல்களும், அவற்றைக் காக்கும் பலகையும், ஒரு ப்யூஸும் சேர்த்து, பிளைவுட் உட்பட, மொத்தச் செலவு ஏறக்குறைய 5,000 ரூபாய்க்குள் அடங்கும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைய மோட்டார்களுக்கே போம்.

வண்டியை மலைமேல் கொண்டுபோகலாமோ எனின், கூடாது என்போம். ஸ்கந்தாசிரமப் பாதை அடியார் நடக்கும் வழி. மற்றைப் பகுதி வனத்துறையினர் காவலில் உள்ளது. பல ஆண்டுகள் முயன்று மரம் வளர்த்த சரிவுகள் அவை. பங்குனி சித்திரையில் அங்குள்ள புல் காய்ந்து கிடக்கும். அடிபட்டுப் பிளந்த லித்தியம் செல் ஒன்று தீப்பற்றினால் விளைவது எளிதில் அடங்காது. பாறைகளும் என்றும் அசையாதவை அல்ல. 2024 டிசம்பர் 1ஆம் நாள், பெஞ்சல் புயல்மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. வீட்டு முற்றத்தில் உடைகற்களை அடுக்கிக்கொண்டால் நம் சோதனைக்குப் போதும்.

முதற் சோதனைக்குக் கல்லும் வேண்டா. சொரசொரப்பான பலகையொன்று போதும். அதன் ஒரு தலையைச் செங்கல் செங்கல்லாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் வண்டியை ஏற்றுக. சக்கரம் சுழன்றும் வண்டி நகராவிடின் குறை டயரில் உள்ளது. முன்சக்கரம் மேலெழுந்தால் பாட்டரியை இன்னும் முன்னே தள்ளுக. சக்கரம் சுழலாமல் மோட்டார் முனகினால் உடனே மின்னை நிறுத்துக. வேகம் இன்னும் குறைந்த கியரே அதற்கு மருந்து.