ஊதாச் செடியும் கானாவாழையும்

இலையும் தண்டும் ஊதாவாக, தரையோடு படரும் ஓர் அழகுச்செடியை நண்பர்கள் பல வீட்டு வாசல்களில் கண்டிருப்பீர்கள். உப்பிலியபுரத்தில் எங்கள் வீட்டில் அது ஓர் ஓட்டைக் குடத்தில் வளர்கிறது. சென்ற ஆண்டு செய்முறை வகுப்பிற்கு ரியோ இலை கொண்டுவரச் சொன்னார்கள். ஊதா என்றால் ரியோதான் என்றெண்ணி இதை ஒடித்துச் சென்றேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, "இது அதற்கு உறவு; அது அன்று" என்றார்.

ரியோவின் இலைகள் விறைப்பாக வாள்போல் நிற்கும். மேற்புறம் பச்சை, அடிப்புறம் ஊதா. நீளமாகப் படராது. மேற்புறத்தில் வெள்ளிக் கோடுகள் ஓடினால் அது செப்ரினா. எங்கள் செடியில் கோடு இல்லை, இருபுறமும் ஊதா. அதன் பெயர் டிரடஸ்கான்சியா பாலிடா; தாயகம் மெக்சிகோ. 1911இல் ரோஸ் என்பவர் இதைச் செட்கிரீசியா என்றார். 1975இல் ஹன்ட் இதை டிரடஸ்கான்சியாவில் சேர்த்தார். பழைய நூல்களில் பழைய பெயரே இருக்கும், குழம்ப வேண்டாம்.

இதையெல்லாம் அன்று மாலை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை; களையெடுத்த கூலியில் என்னைப் படிக்க வைப்பவள். "இது கானாவாழை சாதிதானே, தம்பி? கணுவைப் பாரு. இலை தண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கு. பூவும் காலையில விரிஞ்சு மத்தியானம் சுருங்கிடுது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! கமெலினேசி குடும்பத்தின் அடையாளமென்று நான் மனப்பாடம் செய்திருந்தது அதுதான். கானாவாழையும் அந்தக் குடும்பமே. வயலில் எத்தனையோ முறை மிதித்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

வளர்க்கும் முறையும் அம்மா சொன்னதுதான். பிடுங்கிய கானாவாழையை வரப்பில் போட்டால் அடுத்த மழைக்குக் கணுவில் வேர்விட்டுவிடும் என்று களையெடுப்பவர்கள் திட்டுவார்கள். அந்தக் குணமே இங்கு நமக்கு உதவி. மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டை ஒடித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகும். வெயில் அவசியம், எங்கள் குடம் வேப்பமரத்தடியில் இருந்தபோது இலைகள் பச்சையோடின. வெயிலுக்கு மாற்றியபின் வந்த புதிய இலைகள் நல்ல ஊதா. வெயிலில் ஆந்தோசயனின் என்னும் நிறமி மிகுதியாக உண்டாவதே காரணம். சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும்.

இதன் பூவை வீணாக்காதீர்கள். மகரந்தத்தாளில் உள்ள மெல்லிய மயிர் ஒன்றைத் தண்ணீர்த் துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் சைட்டோபிளாசம் ஓடுவதைக் காணலாம். செடி வேண்டுவோர் சொல்லுங்கள். குடத்திலிருந்து ஒடித்து வருகிறேன்.