பம்பைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறங்கள்

சேலத்தில் லோடு ஏற்றிய லாரி தர்மபுரி நோக்கித் தொப்பூர் மேடு ஏறும்போது திணறுகிறது. செக் லைட் எரிகிறது, பிக்கப் செத்துவிடுகிறது. டிரைவர் ஓரங்கட்டி, சாவியை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் வண்டி நல்லபடியாக ஓடுகிறது. அடுத்த மேட்டில் மறுபடியும் அதே தொல்லை. பட்டறையில் ஸ்கேனர் மாட்டினால் பி0087 என்று கோடு வருகிறது. ரெயில் பிரஷர் குறைவு என்று அர்த்தம்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே கோட்டைப் பார்த்து ஒரு வண்டியின் ஹை பிரஷர் பம்பைக் கழற்றி பம்ப் கடைக்கு அனுப்பினேன். டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்து, பம்ப் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் நாள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியின் மூச்சுத்துளை சேறு அடைத்துக் கிடந்தது. டீசல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்று நுழைய வழியில்லை. உள்ளே வெற்றிடம் உருவாகி, பம்பு இழுக்கும் டீசலை டேங்க் பிடித்து வைத்துக்கொண்டது. வண்டியை நிறுத்திவைத்தால் மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போகும், அப்புறம் ஓடும். மூடியைத் திறந்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அந்த உரிமையாளருக்கு இரண்டு நாள் வாடகை போயிற்று.

டீசல் மெக்கானிக்காக வளர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கோடு குற்றவாளியின் பெயரைச் சொல்வதில்லை. இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு கேட்ட பிரஷர் ஒன்று, ரெயிலில் கிடைத்தது அதைவிடக் குறைவு என்று மட்டுமே அது சொல்கிறது. டேங்க்கிலிருந்து இன்ஜெக்டர் வரை உள்ள எந்த இடமும் காரணமாக இருக்கலாம்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயிலிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் முதலில் 1995-இல் ஜப்பானில் டென்சோ தயாரிப்பாக ஹினோ லாரியில் வந்தது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் பாஷ் சிஸ்டம் வந்தது. இந்தியா முழுவதும் பிஎஸ்4 புகை விதி 2017 ஏப்ரலிலும், பிஎஸ்6 விதி 2020 ஏப்ரலிலும் வந்தபின் நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளுக்கு வரும் புது வண்டிகளில் இந்த சிஸ்டம் தெரியாமல் வேலை செய்ய முடியாது. ஒப்பிட்டுப் பாருங்கள்: லாரி டயரில் ஏறக்குறைய 8 பார் காற்று இருக்கும். ரெயிலில் ஐடிலிங்கில் 300 பார் அளவிலும், முழு லோடில் 1,600 பாருக்கு மேலும் போகும். ஆனால் அந்த ஹை பிரஷர் பம்புக்குத் தீனி போடும் லோ பிரஷர் பக்கம் சில பார்களில்தான் ஓடுகிறது. அங்கே பட்டினி விழுந்தால் இங்கே பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

ஸ்பானரை எடுக்கும் முன் டிரைவரிடம் பேசுங்கள். "அண்ணே, எப்பலேர்ந்து இப்படி? லோடுல மட்டுமா, காலி வண்டியிலயுமா? காலையில ஸ்டார்ட் ஆகலையா, சூடான பிறகா? கடைசியா பில்டர் எப்ப மாத்துனீங்க? புது பங்க்ல டீசல் போட்டீங்களா?" இந்தப் பதில்களே பாதி வழி காட்டிவிடும். ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடில் மட்டும் பிரஷர் விழுந்தால் டீசல் ஓட்டத்துக்கு எங்கோ தடை: பில்டர், டேங்க்குக்குள் இருக்கும் சல்லடை, உள்பக்கம் உரிந்து மடிந்த ரப்பர் ஹோஸ். இரவு நிறுத்தி வைத்து, காலையில் நிறைய நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் எங்கோ காற்று நுழைந்து டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடுகிறது. குளிரில் ஸ்டார்ட் ஆகி, சூட்டில் அடம்பிடித்தால் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். சூடான டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இன்ஜெக்டர், பம்ப் இடுக்குகள் வழியே எளிதாகத் தப்பிவிடும். பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளில் பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் ஸ்டார்ட் ஆகிறது என்று டிரைவர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

அடுத்து ஸ்கேனரின் லைவ் டேட்டா. கோடை அழித்துவிட்டு நகர்வது வேலை ஆகாது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் ரெயில் பிரஷர் சுழிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பல சென்சார்களில் அப்போது சிக்னல் ஒயரில் 0.5 வோல்ட் அளவு இருக்கும். நின்ற இன்ஜினில் நூறு பார் காட்டினால் பொய் சொல்வது சென்சார் அல்லது ஒயரிங். இது சரி என்றால் செல்ஃப் அடித்தபடி பாருங்கள். பிரஷர் 150, 200 பார் அளவைத் தொடாவிட்டால் பல இன்ஜின்களில் இசியு இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. பேட்டரி வீக்காகி இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் இந்த அளவு ஏறாது. பேட்டரியை ஒரு மல்டிமீட்டரால் பார்த்துவிடலாம்; பலர் பார்ப்பதில்லை.

இப்போது லோ பிரஷர் பக்கம். இங்கே அவசரப்படக் கூடாது. ஹை பிரஷர் பம்புக்கு டீசலை இழுத்துத் தரும் பீட் பம்ப் இன்ஜினோடு சேர்ந்துள்ள வண்டிகளில் டேங்க்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். இந்தப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால், ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது; காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே ஈரம் இல்லை, லீக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பீட் பம்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டி இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்தால் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர், ஹேண்ட் பிரைமர், பில்டர் சீல், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குமிழி இல்லை, ஆனாலும் பம்பு திணறுகிறது என்றால் வேக்யூம் கேஜ் மாட்டுங்கள். கையேட்டில் உள்ள அளவைத் தாண்டி இழுத்தால் அடைப்பு. உறிஞ்சும் பக்கம் சுத்தம், ஆனால் பீட் பம்புக்குப் பின்னால் பிரஷர் இல்லை என்றால்தான் பீட் பம்பைக் குறை சொல்லலாம்.

செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. சுத்தமான கேனில் நல்ல டீசல் ஊற்றி, புது ஹோஸ் வழியாக நேராக பீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனில் விடுங்கள். வண்டி சரியாகிவிட்டால் குறை டேங்க்கிலோ, டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவிலோதான். இந்த ஒரு சோதனை எத்தனையோ பம்புகளைக் காப்பாற்றும்.

பழைய பில்டரைத் தூக்கி எறியும் முன் அதிலுள்ள டீசலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் டேங்க்கைக் கழுவ வேண்டும். மினுமினுக்கும் உலோகத் தூள் தெரிந்தால், பம்பு உள்ளே அரைபட்டிருக்கலாம். அப்போது பம்பை மட்டும் மாற்றினால் ரெயிலில் தங்கிய தூள் இன்ஜெக்டரையும் தின்றுவிடும். புது பில்டர் போடும்போது நடு ஓட்டை வழியாக டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள். பெரும்பாலான பில்டர்களில் அது வடிகட்டிய பக்கம். நீங்கள் ஊற்றும் தூசி நேரே பம்புக்குப் போகும். ஹேண்ட் பிரைமர் அதற்குத்தான் இருக்கிறது.

லோ பிரஷர் பக்கம் சரி என்று அளந்து தெரிந்துகொண்ட பின்தான் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் ஒரே அளவுள்ள தனித்தனி பாட்டிலில் விடுங்கள். மற்றவை கால் பாட்டில் நிறையும் நேரத்தில் ஒன்று மட்டும் முக்கால் பாட்டில் நிறைந்தால் பிரஷர் அங்கே ஓடிப்போகிறது. பெரிய இன்ஜின்களில் ஹெட்டின் பக்கவாட்டிலிருந்து இன்ஜெக்டருக்குள் நுழையும் கனெக்டர் டியூப் சரியான டார்க்கில் இறுகாவிட்டாலும் இதே போல ரிட்டர்ன் கூடும். விலை உயர்ந்த இன்ஜெக்டரை வாங்கச் சொல்வதற்கு முன் அந்த நட்டுக்கு டார்க் ரெஞ்ச் போடுங்கள். ரெயிலில் உள்ள பிரஷர் லிமிட்டிங் வால்வின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றிப் பாருங்கள்; செல்ஃப் அடிக்கும்போது அதில் டீசல் வந்தால் வால்வு உட்காரவில்லை.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. பழைய இன்லைன் பம்ப் வண்டியில் மிஸ்ஸிங் கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவது வழக்கம். நமக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்தப் பிரஷரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. உள்ளே திசு அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷரில் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். லீக் தேடுவதற்கு அட்டையைப் பயன்படுத்துங்கள், கையை நீட்டாதீர்கள். இன்ஜினை அணைத்த பிறகும் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, ஸ்கேனரில் பிரஷர் இறங்கியதைப் பார்த்த பிறகே பைப்பில் ஸ்பானர் வையுங்கள். உங்கள் மேஸ்திரி பழைய முறையில் செய்யச் சொன்னாலும், "அண்ணே, இதுல வேண்டாம்" என்று மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படிப்பு ஓராண்டுதான். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். அங்கே அடிப்படை கிடைக்கும். அளக்கும் பழக்கத்தை நீங்களேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் முதலில் வாங்க வேண்டியவை லோ பிரஷர் கேஜ், வேக்யூம் கேஜ், மல்டிமீட்டர், தெளிவான ஹோஸ், ரிட்டர்ன் பாட்டில் செட், திறந்த பைப்புகளை மூட பிளாஸ்டிக் கேப்புகள். ஸ்கேனர் பிறகு வாங்கலாம், பட்டறையில் ஒன்று இருக்கும். நல்ல நிலையில் ஓடும் வண்டி ஒன்று சர்வீஸுக்கு வந்தால் அதன் ஐடிலிங் பிரஷர், லோ பக்கப் பிரஷர், ரிட்டர்ன் அளவு ஆகியவற்றை மாடல் வாரியாக நோட்டில் குறித்து வையுங்கள். கெட்ட வண்டி வரும்போது ஒப்பிட அந்த எண்கள் வேண்டும்.

உரிமையாளரிடம் "பம்ப் போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். "பில்டருக்கு முன்னால இவ்வளவு, பின்னால இவ்வளவு, நடுவுல பிரஷர் விழுது" என்று கேஜைக் காட்டிச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் லோடோடு ஒரு மேட்டில் ஓட்டி, கேட்ட பிரஷரும் கிடைத்த பிரஷரும் ஒட்டிப் போவதைப் பார்த்துவிட்டு, கிலோமீட்டரையும் அந்த இரண்டு எண்களையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.