ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கார்டு உண்டு, பயிற்சிச் செலவுக்கு?

சூளகிரிப் பக்கத்துக் குடும்பம். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரிச் செலவு காப்பீட்டில் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவலை ஆரம்பம்.

"ஏங்க, பிசியோதெரபிக்கு வாரம் மூணு நாள் கூட்டிவரச் சொல்றாங்க. அதுக்குக் கார்டு செல்லாதாம். என் கம்மலை வச்சிடலாமா?"

"வேற வழி என்ன இருக்கு?"

தம்பதிகளே, கம்மலைக் கழற்றுமுன் கணக்குப் போடுங்கள். ஒரு தடவைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 12 தடவைக்கு 4,800. ஆட்டோவும், துணைக்குப் போகிறவர் இழக்கும் கூலியும் தனி. இரண்டு மாதத்தில் பணம் தீரும், பயிற்சியும் நின்றுபோகும். பக்கவாதத்தில் கை கால் வேகமாகத் தேறுவது முதல் மூன்று மாதங்களில். அப்போது நிறுத்தினால் நஷ்டம் பெரிது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கே. (பெங்களூருக்குப் போகிறவர்கள், அந்த ஆஸ்பத்திரி இத்திட்டத்தில் சேர்ந்ததா என்று அத்திப்பள்ளி தாண்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஈ.எஸ்.ஐ. அப்படியல்ல. 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். 16,000 சம்பளத்துக்கு 120 ரூபாய். நீங்கள் கட்டிய பணம் அது. சார்ந்திருக்கும் பெற்றோரையும் அட்டையில் சேர்க்கலாம். ஆளுக்கு இவ்வளவுதான் என்ற செலவு வரம்பு கிடையாது. முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் போய்க் கேளுங்கள்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது, கட்டணம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராமச் சுகாதார நர்ஸிடமோ பெயர் கொடுத்து வையுங்கள்.

அவர்கள் வராத நாளில் பயிற்சி கொடுக்க வேண்டியது நீங்கள். அவர்கள் வரும்போது கணவன், மனைவி இருவரும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். மாமனாரைப் பார்ப்பது மருமகள் பொறுப்பு என்று ஒதுங்கும் ஆண்கள் நம் பக்கம் அதிகம். ஷிப்ட் முடிந்து வந்து மகன் ஒரு வேளைப் பயிற்சி கொடுத்தால் என்ன? ஒன்று மட்டும் கவனம்: செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். முதுகுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து எழுப்புங்கள்.