வாசல்வரை வந்த மாத்திரை



குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறதே, பிறகும் ஏழைப் பெண்கள் ஏன் வாங்கிச் சாப்பிடுவதில்லை என்று உங்களில் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. அறியாமைதான் காரணம் என்று சிலர் பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். வங்காளதேசத்தில் மத்லப் என்ற பகுதியில் நடந்ததைப் படித்தபிறகு அந்த எண்ணம் மாறியது. இந்த இதழின் பாடமாக அதையே எடுத்துக்கொள்கிறோம்.

(கருத்தடையைக் குறித்துச் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை என்பதை அறிவோம். அந்த விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. இன்னொரு பிள்ளை இப்போது வேண்டாம் என்று தானே விரும்புகிற ஒரு தாய்க்கு எது தடையாக நிற்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறோம்.)

மத்லப், டாக்காவுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில், மேக்னா நதியை ஒட்டிய தாழ்வான நிலம். அந்நாட்களில் மழைக்காலம் வந்தால் வயல்களெல்லாம் நீருக்குள் போய்விடும். வீடுகள் நிற்கும் மேடுகள் மட்டும் தீவுகளைப்போல் தெரியும். பக்கத்து ஊருக்குப் போகவும் படகு வேண்டியிருந்தது. அங்கே 1960-களிலிருந்து ஒரு காலரா ஆராய்ச்சி நிலையம் மருத்துவமனை நடத்தி, கிராமங்களின் பிறப்பு இறப்புகளையும் தவறாமல் பதிவு செய்துவருகிறது. ஆகவே அங்கே செய்யப்பட்ட எந்த முயற்சிக்கும் என்ன பலன் கிடைத்தது என்று கணக்கோடு சொல்ல முடிகிறது.

1971 யுத்தத்தையும் 1974 பஞ்சத்தையும் கடந்துவந்த அந்நாட்டில், 1975-இல் ஒரு பெண் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்குமேல் பெற்றாள். ஏதாவதொரு கருத்தடை முறையைக் கையாண்ட தம்பதிகள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். அந்த ஆண்டில் மத்லப் கிராமங்களில் மாத்திரைகளையும் ஆணுறைகளையும் வீடுவீடாகக் கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்தார்கள். விலை இல்லை, தூரம் இல்லை. கொடுத்தவர்களும் அந்தந்த ஊர்ப் பெண்களே. அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத, வயது சென்ற விதவைகள். முதல் சில மாதங்களில் நிறையப் பேர் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்? மாத்திரை தொடங்கிய சில நாட்களில் சிலருக்குக் குமட்டலும் தலைசுற்றலும் வந்தன. சிலருக்குத் தாய்ப்பால் குறைந்தது. இடையிடையே உதிரம் கண்டது. மருத்துவப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடுகிற விஷயம் இது. உதிரம் படுகிற நாட்களில் முஸ்லிம் பெண் தொழக்கூடாது, நோன்பு வைக்கக்கூடாது. பல இந்து வீடுகளில் அவள் சமையலறைக்குள் போகக்கூடாது. மாதத்தில் எத்தனை நாள் இப்படி விலகி இருக்கிறாள் என்று வீட்டார் கவனிப்பார்கள், காரணம் கேட்பார்கள். மாத்திரை கொடுத்துவிட்டுப் போன விதவைக்கோ இதற்குப் பதில் தெரியாது. பர்தாவுக்குள் வாழ்கிற மருமகள் தனியாகப் படகேறி மருத்துவரிடம் போகவும் முடியாது. நாங்கள் அவளுடைய இடத்தில் இருந்திருந்தாலும் மாத்திரையை நிறுத்தியிருப்போம்.

வேறு தடைகளும் இருந்தன. எத்தனை பிள்ளைகள் என்பதைக் கணவனும் மாமியாருமே தீர்மானித்தார்கள். பிறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஐந்து வயதைக் காணாமல் இறந்த காலம் அது. இரண்டு மகன்களோடு நிறுத்திக்கொள் என்று சொன்னால், அந்த இருவரும் பிழைப்பார்கள் என்று யார் பொறுப்பேற்பது?

1977-இல் முறையை மாற்றினார்கள். 70 கிராமங்களுக்கு 80 பெண்களை நியமித்தார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், படித்தவர்கள், மணமானவர்கள். ஒவ்வொருவரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தம் பகுதியின் வீடுகளுக்குப் போனார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியை அவள் வீட்டிலேயே போட்டார்கள். அதனால் பெட்டிக்குள் மாத்திரை அட்டையை ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஊசியிலும் உதிரப்போக்குத் தொல்லை உண்டு. ஆனால் அடுத்த வருகைக்குள் எது நேர்ந்தாலும் சொல்வதற்கு ஒருத்தி வருவாள் என்பது தெரிந்திருந்தது. அவளால் தீர்க்க முடியாததை மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பாள். பேதி கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பதும், தாய்மாருக்குத் தடுப்பூசி போடுவதும் பின்னர் அவர்கள் வேலையோடு சேர்ந்தன. பிள்ளை பிழைத்ததைக் கண்ட மாமியார் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிப் பேசினாள் என்றால் அதில் ஆச்சரியமில்லை.

ஒன்றரை ஆண்டுக்குள் அந்த 70 கிராமங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு தம்பதியர் கருத்தடை முறைகளைக் கையாண்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வழக்கமான அரசுச் சேவையோடு விடப்பட்ட பக்கத்துக் கிராமங்களில் 1990-இல்கூட இந்த அளவு எட்டப்படவில்லை. அதற்குள் சேவை நடந்த கிராமங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள்.

காணிக்கை கொடுக்கிறவர்களாகிய நீங்களும், அதைக் கேட்கிறவர்களாகிய நாங்களும் இங்கே சற்று யோசிக்க வேண்டும். மருந்துக்கும் கட்டடத்துக்கும் எளிதாகப் பணம் சேர்ந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேற்றில் நடந்துபோகிற ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்துக்குக் கேட்க எங்களுக்கே தயக்கமாக இருக்கிறது. மத்லப்பில் இரண்டு முறையும் மாத்திரை கொடுக்கப்பட்டது. இரண்டாம் முறை திரும்பி வருவதற்கு ஆள் இருந்தது.

வங்காளதேச அரசாங்கமும் இருபதாயிரத்துக்கும் அதிகமான பெண்களைக் களப்பணிக்கு அமர்த்தியது. அது செய்த எல்லாவற்றையும் நாங்கள் மெச்சவில்லை. 1980-களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பணமும் சேலையும் கொடுத்தார்கள். பசியுள்ளவள் சேலைக்காகத் தலையசைத்தால் அதைச் சம்மதம் என்று எப்படி எழுதிக்கொள்வது?

2022-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அந்நாட்டுத் தம்பதிகளில் நூற்றுக்கு 64 பேர் ஏதாவதொரு கருத்தடை முறையைக் கையாளுகிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.3 பிள்ளைகள். எனினும் பாரம் பெரும்பாலும் பெண்கள்மேலேயே இருக்கிறது. 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். முதல் பிள்ளை பிறக்கும்வரை அந்தப் புது மருமகளிடம் கருத்தடையைப் பற்றி வீட்டில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. இன்னும் உண்டாகவில்லையா என்றுதான் மாதந்தோறும் கேட்கிறார்கள்.